ஐ.என்.ஏ.: மேடையில பேசுனதை விட்டுட்டு, நடந்து செத்தவங்களைப் பத்திப் பேசலாமா? (எல்லை ஊர்க்காரங்க வாங்க)

கொழிஞ்சை வாத்தியார் (கொழிஞ்சாம்பாறை)

வணக்கங்க எல்லாருக்கும். ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம், நேதாஜியோட படை) பத்திப் பேச்சு எடுத்தாலே நம்ம பக்கத்துல ரெண்டு விஷயம்தான் ஓடுது. நேதாஜி விமான விபத்துல செத்தாரா இல்லையாங்கறது ஒண்ணு, அதுல பொண்ணுங்க படையான ஜான்சி ராணி படையை நடத்துன கேப்டன் லட்சுமி நம்ம பாலக்காட்டு ஆனக்கரை வீட்டுப் பொண்ணுங்கற பெருமை இன்னொண்ணு (அவங்க அம்மா அம்மு சுவாமிநாதனோட தறவாடு, அதாவது பூர்வீக வீடு, ஆனக்கரை, லட்சுமி பொறந்தது 1914ல மெட்ராஸ்ல). ரெண்டும் இருக்கட்டுங்க. எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்தறது வேற. துப்பாக்கி தூக்கிட்டு நடந்தவன் என்ன சாப்பிட்டான், யாரை நம்பி நடந்தான், நடந்தவன்ல எத்தனை பேரு திரும்பி வந்தான், வந்தவனை யாரு கண்டுக்கிட்டாங்க, இதை யாரும் பேச மாட்டேங்கறாங்க.

மலாயாவுல இருந்து அந்தப் படையில சேந்த சிவிலியன் ஆளுங்கள்ல பெரும்பாலும் தமிழங்க. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க. சேலம், திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரத்துல இருந்து போனவங்கதான் அதிகம், நம்ம சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துல இருந்து போனவங்களும் உண்டு. அவங்க பேரு எந்தக் கல்வெட்டுலயும் இல்ல.

என் கட்சி இதுதான். ஒரு தலைவரை முன்னேறும்போது பாத்து எடை போடக் கூடாது, பின்வாங்கும்போது பாக்கணும். 1943 ஜூலை 5ஆம் தேதி சிங்கப்பூர் பாடாங் மைதானத்துல "டெல்லி சலோ"ன்னு முழங்குன நேதாஜியை விட, 1945 ஏப்ரல் 24 அன்னைக்கு ரங்கூனை விட்டுக் கிளம்பி, தன்னோட படைப் பொண்ணுங்களோட சேந்து சேத்துல நடந்த நேதாஜிதான் எனக்குப் பெரியவரு. ஆனா நடுவுல 1944ல இம்பால் பக்கம் நடந்ததுக்கும் அவருதான் பதில் சொல்லணும், அதை விட்டுட்டுப் பேச முடியாது. உங்க கருத்தைச் சொல்லுங்க, வீட்டுல கேட்ட கதை இருந்தா அதையும் எழுதுங்க.

செங்கோட்டை முருகு (செங்கோட்டை)

வாத்தியாரே நல்ல இழை ஆரம்பிச்சிருக்கிய. தலைமைன்னா என்னன்னு எனக்குப் புரிய வச்ச சம்பவம் ஒண்ணு சொல்லுதேன். 1943ல சிங்கப்பூர் செட்டியார் கோயில்ல இருந்து நேதாஜியைக் கூப்பிட்டாவ, நிதி தாரோம்னு. எல்லா மதத்துக்காரனும் எல்லா சாதிக்காரனும் உள்ள வரலாம்னாதான் நான் வருவேன்னுட்டாரு. கடைசியில ஒத்துக்கிட்டாவ, முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கிட்டுத்தான் உள்ள போனாரு, ஆபித் ஹசன் கூட இருந்தாரு. இதை நம்ம ஊரு கணக்குல வச்சுப் பாருங்க. திருவிதாங்கூர்ல ஆலயப் பிரவேசம் 1936 நவம்பர்லதான். கொச்சியும் மலபாரும் அதுக்கும் பத்து வருசம் தள்ளி. அந்தக் காலத்துல, கோயில் வாசல்ல கூட நிக்க விடாத சாதியில பொறந்து மலாயா போன ஒருத்தன் இந்தச் செய்தியைக் கேட்டா அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

படையிலயும் பொதுச் சமையல்தான். பழைய பிரிட்டிஷ் பட்டாளத்துல இந்துவுக்குத் தனி அடுப்பு, முஸ்லிமுக்குத் தனி அடுப்பு, சீக்கியருக்குத் தனி அடுப்புன்னு இருந்ததை உடைச்சு ஒரே பந்தியில உக்கார வச்சாவ. எங்க ஊருக்கு வாஞ்சிநாதன் பேரு இருக்கு, அது ஒரு தனி ஆளோட வீரம். ஆயிரக்கணக்கான சாதாரண ஆளை ஒரே வரிசையில நிக்க வைக்கிறது அதைவிடக் கஷ்டம்னு நினைக்கேன்.

வாளையார் சேகர் (வாளையார், முன்னாள் ராணுவம்)

முருகு சொன்னது சரி, பொது லங்கர் (சமையல்கூடம்) வச்சது பெரிய விஷயம். ஆனா லங்கர்ல போட அரிசி வேணுமில்ல. நான் பட்டாளத்துல இருந்தவன், எனக்கு முதல்ல கண்ணுல படறது சப்ளைதான்.

1944 மார்ச்ல ஜப்பான் 15ஆவது ராணுவம் முடாகுச்சி தலைமையில இம்பாலை நோக்கிக் கிளம்புச்சு. மூணு வாரத்துல இம்பாலைப் பிடிச்சிரலாம், அங்க இருக்கற பிரிட்டிஷ் குடோன்ல இருந்து சாப்பாடு எடுத்துக்கலாம்னு பிளான். கையில கொண்டு போன ராஷன் அதுக்கு மட்டும்தான். மாட்டை ஓட்டிட்டுப் போயி வழியில அறுத்துத் தின்னுக்கலாம்னு வேற நினைச்சாங்க, பர்மாவுல சிண்ட்வின் ஆத்தைத் தாண்டறப்பவே பாதி மாடு போச்சு. இந்த பிளானை நம்பித்தான் ஐ.என்.ஏ. முதல் டிவிஷனும் கூடப் போச்சு. இம்பால் விழப் போகுது சீக்கிரம் வாங்கன்னு சொன்னதை நம்பி காந்தி ரெஜிமென்ட் கனமான சாமான், மெஷின்கன் எல்லாத்தையும் பின்னாடி விட்டுட்டுப் போனாங்க. போயி பாலேல் விமானத்தளத்துகிட்ட அடி வாங்குனாங்க. சுபாஷ் ரெஜிமென்டை எடுத்துக்குங்க, ஷா நவாஸ் கான் தலைமையில இருந்த நல்ல படை, அதைப் பர்மாவோட சின் மலையில ஹாக்கா, ஃபாலம் பக்கம் காவலுக்கும் ரோடு போடறதுக்கும் சாமான் தூக்கறதுக்கும்தான் ஜப்பான்காரன் வச்சிருந்தான்.

அப்புறம் மழை வந்துச்சு. கபாவ் பள்ளத்தாக்குல மலேரியா, வயித்துக்கடுப்பு, பெரிபெரிங்கற சத்துக்குறைவு நோய். காட்டுப் புல்லையும் கிழங்கையும் வேகவச்சு உப்பில்லாம தின்னாங்க, செத்த மட்டக்குதிரையையும் தின்னாங்க. சுமார் 6,000 பேரு போயி 2,600 பேரு அளவுலதான் திரும்புனாங்க, திரும்புனவங்கள்ல முக்கால்வாசி நேரா ஆஸ்பத்திரி. குண்டடி பட்டுச் செத்தவங்க சில நூறு பேருன்னா, பசியாலயும் நோயாலயும் செத்தது அதைப் போல மூணு நாலு மடங்கு. இது போர்ல தோத்த கணக்கு இல்லீங்க, அரிசி போகாத கணக்கு. கமாண்டர்னா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி, என் ஆளு சாப்பிட்டானான்னு கேக்கணும். அந்தக் கேள்வியை ஜப்பான்காரன்கிட்ட அடிச்சுக் கேக்கற பலம் நேதாஜிக்கு இல்ல. பலம் இல்லைன்னா அந்த பிளானுக்குள்ள ஆளை அனுப்பியிருக்கவே கூடாதுங்கறது என் கருத்து.

குமுளி ஏலக்காய் (குமுளி)

சேகர் அண்ணே ஒரு சந்தேகம். அப்ப முதல் டிவிஷன்ல போனது நம்ம தோட்டத்துத் தமிழங்களா?

வாளையார் சேகர்

பெரும்பாலும் இல்ல தம்பி. இம்பாலுக்குப் போனதுல அதிகம் பழைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்து ஆளுங்க. 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் விழுந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு ஃபாரர் பார்க்ல சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களைத் தனியா நிறுத்தி பிரிட்டிஷ்காரங்க ஜப்பான்காரன்கிட்ட ஒப்படைச்சாங்க. கேப்டன் மோகன் சிங் அவங்கள்ல இருந்துதான் முதல் ஐ.என்.ஏ.வைக் கட்டுனாரு. வருஷக் கடைசியிலயே ஜப்பான்காரனோட மோதல் வந்து அவரைக் கைது பண்ணிட்டாங்க, படையும் கலைஞ்சு போச்சு. நேதாஜி வந்தப்புறம்தான் சிவிலியனைச் சேத்தாங்க. தோட்டத்துத் தமிழங்க பெரிய அளவுல சண்டையில நின்னது 1945 பிப்ரவரியில பர்மாவுல ஐராவதி ஆத்தங்கரையிலதான். ஐ.என்.ஏ. அதிகாரி தில்லானோட நேரு ரெஜிமென்ட். அதைப் பத்தி அப்புறம் எழுதறேன், டியூட்டிக்கு நேரமாச்சு.

மூணார் மலர் (தேவிகுளம்)

எல்லாரும் 1943 ஜூலையில இருந்து ஆரம்பிக்கறீங்க. நான் 1942ல இருந்து கேக்கறேன்.

எங்க பாட்டியோட கூடப்பொறந்த அண்ணன் மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவரு. கங்காணி கூட்டிட்டுப் போனாரு. அவரு ஐ.என்.ஏ.வுல சேரல, அவரைச் சயாமுக்கு (இப்ப தாய்லாந்து) ரயில் போட ஜப்பான்காரங்க பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. திரும்பி வரவே இல்ல. எங்க குடும்பத்துல அவருக்குச் சடங்கு கூட எந்தத் தேதியில செய்யறதுன்னு தெரியாம ஆடி அமாவாசைக்கு எல்லாரோடயும் சேத்துத்தான் சாப்பாடு வைப்பாங்க.

சயாம் பர்மா ரயில் 415 கிலோமீட்டர். 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. வெள்ளைக்காரப் போர்க்கைதி 12,000 பேருக்கு மேல செத்தாங்க, அவங்களுக்கு காஞ்சனபுரியில வரிசையா பேரு எழுதுன கல்லறை இருக்கு. ஆசியத் தொழிலாளி செத்தது 90,000 அளவுன்னு சொல்றாங்க. அதுல எத்தனை ஆயிரம் தமிழங்கன்னு சரியா எண்ணிச் சொல்லக்கூட ஆள் இல்ல. நேதாஜி 1943 அக்டோபர் 21ல சிங்கப்பூர் கதே கட்டிடத்துல சுதந்திர அரசாங்கம் அறிவிச்சாரே, அதே மாசம்தான் அந்த ரயிலும் முடிஞ்சது. அந்த ரயில்லதான் அப்புறம் ஐ.என்.ஏ. ஆளுங்களையும் ஜான்சி ராணி படைப் பொண்ணுங்களையும் பர்மாவுக்கு ஏத்திட்டுப் போனாங்க. தன் சனத்தோட பொணத்து மேல போட்ட தண்டவாளத்துல போறோம்னு அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?

நான் அந்தப் படையைக் குறை சொல்ல வரல. ஜப்பான்காரன் கையில அந்த சனம் செத்துக்கிட்டிருந்தப்போ அவனோட தோள்மேல கை போட்டு நின்ன ஒரு தலைமையை எப்படி எடை போடறதுன்னு கேக்கறேன். வாத்தியாரு பின்வாங்கும்போது பாக்கணும்னு சொல்றாரு. நான் கூட்டு சேரும்போதும் பாக்கணும்னு சொல்றேன்.

குமுளி ஏலக்காய்

மலர் அக்கா இது எனக்குத் தெரியவே தெரியாது. எங்க ஸ்கூல்ல இந்த ரயில் பத்தி ஒரு வரி கூட இல்ல.

களியக்காவிளை ஜோஸ் (களியக்காவிளை)

மலர் அக்கா சொன்னதோட சேத்து நானும் ஒண்ணு சொல்லணும். எனக்க அப்பூப்பன் ஜோகூர் பக்கம் ஒரு எஸ்டேட்ல கிராணிக்கு (கணக்கெழுதுற குமாஸ்தா) உதவியாளா இருந்தவரு. அவரு ஐ.என்.ஏ.வுல சேந்ததுக்குக் காரணமே அந்த ரயிலுதான். படையில சேந்தா சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போக மாட்டாவ, ரெண்டு வேளைக்கஞ்சி உறுதி, இதான் முதல்ல அவரு மனசுல இருந்தது. இதை அவரு ஒளிச்சதே இல்ல. பட்டினிக்குப் பயந்துதான் போனேன் மக்கா, ஆனா போன பிறகு நான் வேற ஆளாயிட்டேன்னு எங்கிட்ட சொல்லியிருக்காரு.

தோட்டத்துல தொரை வந்தா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கணும், தண்டல் (மேஸ்திரி) கண்ணுல படாம நடக்கணும். அப்படி இருந்தவங்க கையில துப்பாக்கியைக் குடுத்து, நீ ஒரு தேசத்தோட சிப்பாய்னு ஒருத்தன் சொல்லுதான். ரோமன் எழுத்துல இந்துஸ்தானி படிக்க வச்சாவ, கட்டளையெல்லாம் அதுலதான். நேதாஜி பேசினா கூடவே தமிழ்ல ஒருத்தர் மாத்திச் சொல்லுவாரு, மழையில நனஞ்சுக்கிட்டே மணிக்கணக்கா நிப்பாங்களாம். சண்டை முடிஞ்சு தோட்டத்துக்குத் திரும்பினப்போ ஒருத்தனும் பழைய மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்கல. மலாயாவுல 1946, 47ல தோட்டத் தொழிலாளிங்க நடத்துன போராட்டத்துல முன்னால நின்னவங்கள்ல ஐ.என்.ஏ. ஆளுங்க உண்டு. மலாயா இந்தியன் காங்கிரஸ் 1946ல தொடங்கினப்போ முதல் தலைவரா வந்த ஜான் திவி கூட நேதாஜி அரசாங்கத்துல இருந்தவரு.

அதனால, எதுக்குச் சேந்தான்னு மட்டும் பாத்தா பாதிதான் தெரியும். சேந்த பிறகு என்ன ஆனான்னும் பாக்கணும்.

கொழிஞ்சை வாத்தியார்

ஜோஸ் தம்பி, இதைத்தாங்க நான் எதிர்பாத்துக்கிட்டிருந்தேன். உங்க தாத்தா சொன்னது எந்தப் பாடப்புத்தகத்துலயும் இல்லாத உண்மை. பயத்துல சேந்தவன் பயமில்லாதவனா ஆனான்னா அதுக்குப் பேருதான் தலைமை.

மலர் அம்மணி கேட்டதுக்கு நான் சுத்தி வளைக்காம சொல்றேன். நேதாஜி அந்த ரயிலைத் தடுக்கல, தடுக்கற இடத்துலயும் அவரு இல்ல. அந்தமான்லயும் இதே கதைதான். 1943 டிசம்பர் 30ல போர்ட் பிளேர்ல கொடி ஏத்துனாரு. சரியா ஒரு மாசம் கழிச்சு 1944 ஜனவரி 30ல ஹம்ஃப்ரிகஞ்ச்ல ஜப்பான்காரன் 44 இந்தியங்களை உளவாளின்னு சொல்லி சுட்டுக் கொன்னான். கொடி நம்முது, துப்பாக்கி அவனுது. இதை மறைச்சுட்டு நேதாஜியைக் கும்பிடறது அவருக்கும் மரியாதை இல்ல, செத்தவங்களுக்கும் மரியாதை இல்ல. ஆனா ஒண்ணு, 1943ல தென்கிழக்கு ஆசியாவுல மாட்டிக்கிட்ட இந்தியங்களுக்கு நாங்க ஒரு அரசாங்கம், எங்களுக்கு ஒரு படை இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வந்ததுனால எத்தனையோ குடும்பம் பிழைச்சுது. ரெண்டும் உண்மை, ரெண்டையும் சேத்துத்தான் சுமக்கணும்.

செங்கோட்டை முருகு

அந்தமான்னு வந்ததால சொல்லுதேன். அங்க நேதாஜி சார்பா நிர்வாகத்துக்குப் போனவரு ஏ.டி. லோகநாதன், நம்ம தமிழரு, ஆற்காடு துரைசாமி லோகநாதன், படிப்பால டாக்டர். பேருதான் நிர்வாகி, ஜப்பான்காரன் அவரு கையில குடுத்தது கல்வித்துறை மாதிரி ஒண்ணு ரெண்டுதான், போலீஸை விடவே இல்ல. வெறுத்துப் போயித் திரும்பிட்டாரு.

ஆனா அவரோட பெருமை ரங்கூன்ல இருக்கு. 1945 ஏப்ரல் கடைசியில ஜப்பான்காரன் ரங்கூனை விட்டு ஓடிட்டான், பிரிட்டிஷ்காரன் இன்னும் உள்ள வரல. நடுவுல ஊரே அநாதை. பர்மாவுல 1942ல என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆயிரக்கணக்கான இந்தியங்க நடந்தே ஊருக்கு ஓடி வந்து வழியில செத்தாவ. அது மறுபடி நடக்காம இருக்க நேதாஜி சுமார் 5,000 பேரை லோகநாதன் கையில விட்டுட்டுப் போனாரு. சண்டை போட வேண்டாம், ஊரைக் காப்பாத்து, கடைசியில சரணடைஞ்சிருன்னு. அவரும் அதையே செஞ்சாரு. மே 3ஆம் தேதி பிரிட்டிஷ் படை வந்தப்போ ரங்கூன்ல பெரிய கொள்ளையோ கலவரமோ இல்லாம இருந்ததுக்கு இந்த ஆளுங்க காரணம். ஜெயிக்க முடியாத போர்ல சனத்தைக் காப்பாத்தறதுதான் வெற்றின்னு புரிஞ்ச ஒரு தளபதி. அவருக்குத் தமிழ்நாட்டுல எத்தனை பேருக்கு பேரு தெரியும் சொல்லுங்க? எனக்கு இதை நினைச்சா வயிறு எரியுது.

பாறசாலை பையன் (பாறசாலை)

எல்லாம் சரி, நேதாஜி 1945ல சாகல, ரஷ்யாவுல இருந்தாருன்னு

மாடரேட்டர்

பாறசாலை தம்பி, அதுக்குத் தனி இழை இருக்கு, அங்க எழுதுங்க. மீதிப் பகுதியை அங்க நகர்த்திட்டேன். இந்த இழை சிப்பாய்களைப் பத்தினது.

வாளையார் சேகர்

டியூட்டி முடிச்சு வந்துட்டேன். ஐராவதி பத்தி சொல்றேன்னு சொன்னேனில்ல.

1945 பிப்ரவரி 13 ராத்திரி, 14 விடிகாலை. பிரிட்டிஷ் 7ஆவது இந்திய டிவிஷன் ந்யாங்கு, பகான் கிட்ட ஐராவதியைத் தாண்ட வருது. அகலமான ஆறு. இந்தக் கரையில தில்லானோட ஆளுங்க, தோட்டத்துத் தமிழங்க நிறைய பேரு, பயிற்சி கொஞ்சம், பீரங்கி இல்ல, விமானம் இல்ல, கண்ணிவெடி கூட போதுமான அளவு இல்ல. இருந்தும் முதல்ல வந்த படகுகளை மெஷின்கன்னால அடிச்சுத் திருப்பி அனுப்புனாங்க. அப்புறம் பீரங்கியும் விமானமும் டாங்கியும் வந்து நொறுக்குச்சு. பல பேரு வெள்ளைக்கொடி தூக்கிட்டாங்க, தில்லான் மிச்சம் இருந்தவங்களைக் கூட்டிட்டு போபா மலைக்குப் போனாரு, அங்க இன்னொரு ஐ.என்.ஏ. அதிகாரி பிரேம் சாகலோட ஆளுங்க இருந்தாங்க. அங்க இருந்து அதிகாரிங்களே சில பேரு எதிர்ப்பக்கம் போயிட்டாங்க.

வெள்ளைக்கொடி தூக்குனவனைக் கோழைன்னு எழுதறவங்களைப் பாத்தா எனக்குக் கோபம் வரும். ரப்பர் மரத்துல பால் வெட்டுன பையனுக்குச் சில மாசப் பயிற்சி குடுத்து, டாங்கி எதிர்ல ரைஃபிளோட நிறுத்தியிருக்காங்க. நானு முழுப் பயிற்சி எடுத்தவன், பின்னாடி பீரங்கி இருக்குன்னு தெரிஞ்சு நிக்கறதே எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். முதல் படகைத் திருப்பி அடிச்சானே, அதைப் பேசுங்க.

இன்னொண்ணும் சொல்லணும், சில பேருக்குப் பிடிக்காது. அதே பர்மா போர்முனையில எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தோட பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ்ல நம்ம தமிழங்க, மலையாளிங்க, தெலுங்குக்காரங்க பாலம் கட்டிட்டிருந்தாங்க. அவனும் சிப்பாய்தான். சிங்கப்பூர்ல பிடிபட்டு ஐ.என்.ஏ.வுல சேர மாட்டேன், எடுத்த உறுதிமொழியை மீற மாட்டேன்னு சொன்னவங்களை ஜப்பான்காரன் நியூ கினியா பக்கம் கப்பல்ல ஏத்தி அனுப்பி, பட்டினி போட்டு வேலை வாங்கி ஆயிரக்கணக்குல சாகடிச்சான். சேந்தவனும் மானஸ்தன், சேராதவனும் மானஸ்தன். ஒருத்தனை உயர்த்தறதுக்கு இன்னொருத்தனை மிதிக்காதீங்க.

மூணார் மலர்

சேகர் அண்ணன் கடைசியா எழுதுன பத்திக்கு நன்றி.

பொண்ணுங்களைப் பத்தி யாரும் சரியா எழுதல, நான் எழுதறேன். ஜான்சி ராணி படைக்கு 1943 அக்டோபர் 22ல சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவுல பயிற்சி முகாம் திறந்தாங்க. கேப்டன் லட்சுமி தலைமை. அவங்க மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச டாக்டர், வசதியான வீடு. ஆனா படையில வந்து சேந்த பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைங்க, பதினாறு பதினேழு வயசு, இந்தியாவைக் கண்ணால பாக்காதவங்களே நிறைய பேரு. பாக்காத ஒரு நாட்டுக்காக முடியை வெட்டிக்கிட்டு, கால்சட்டை போட்டு, துப்பாக்கி சுடக் கத்துக்கிட்டாங்க. எங்க மூணார் எஸ்டேட்ல வளந்தவளா சொல்றேன், லயத்து வீட்டுல பொறந்த ஒரு பொண்ணுக்கு அந்த வயசுல தெரிஞ்ச உலகம் லயம், மலை, தொட்டில், இவ்வளவுதான். அவளை ஒருத்தர் சிப்பாயா பாத்தாருங்கறதுக்காகவே நேதாஜி மேல எனக்கு மரியாதை உண்டு, அந்த ரயிலையும் மறக்காமத்தான் சொல்றேன்.

பர்மாவுல மேமியோ ஊர்ல அவங்க பெரும்பாலும் செஞ்சது நர்ஸ் வேலை. இம்பால்ல இருந்து எலும்பும் தோலுமா வந்தவங்களைப் பாத்துக்கிட்டது இந்தப் பிள்ளைங்கதான். சண்டைக்கு அனுப்புங்கன்னு அவங்க கெஞ்சியும் அனுப்பலன்னு குறை சொல்றாங்க. வயித்தாலயும் காய்ச்சலாலயும் சாகக் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊத்திக் காப்பாத்துனது சண்டையில சேத்தி இல்லையா?

கொழிஞ்சை வாத்தியார்

சேத்திதானுங்க, சந்தேகமே வேண்டாம்.

அந்தப் பிள்ளைங்களை வீடு கொண்டு போயிச் சேத்த கதைக்குத்தான் நான் வர்றேன். ரங்கூன்ல இருந்து பாங்காக் வரைக்கும் மூணு வாரம் அளவு. மேல விமானம் சுட்டுக்கிட்டே இருக்கும், பகல்ல மரத்தடியில பதுங்கி ராத்திரியில நகரணும். சித்தாங் ஆத்தைத் தாண்டுனப்புறம் வண்டி இல்ல, நடைதான். ஜப்பான்காரங்க அவருக்கு மட்டும் வண்டி தர்றேன்னு சொல்லியும், இந்தப் பொண்ணுங்களுக்கு வழி பண்ணாம நான் ஏற மாட்டேன்னுட்டு பூட்ஸுக்குள்ள காலெல்லாம் கொப்புளத்தோட கூடவே நடந்தாரு. ஜானகி தேவர், பின்னாடி ஜானகி ஆதி நாகப்பன்னு மலேசியாவுல பெரிய பேரெடுத்தவங்க, இந்தியா 2000ல பத்மஸ்ரீ குடுத்துச்சு, அந்தம்மா அந்தக் கூட்டத்துல அப்போ அதிகாரி. வயசு இருபது கூடத் தாண்டியிருக்கும்னு சொல்ல முடியாது.

சேகர் சார் சப்ளை கணக்கை வச்சு நேதாஜி இம்பாலுக்கு ஆளை அனுப்பியிருக்கவே கூடாதுன்னு எழுதுனாரு. ராணுவக் கணக்குல அதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க. ஆனா 1944ல ஆளுங்க எப்படிச் செத்தாங்கங்கறது அவரு மனசுல இருந்திருக்கணும், இல்லைன்னா 1945ல கிளம்பும்போது ரங்கூன் சனத்துக்கு லோகநாதன், பொண்ணுங்களுக்குத் தானே காவல்னு அவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாரு. நான் அதைத்தான் தலைமைங்கறேன்.

இன்னொரு ஆளையும் இங்க பதிவு பண்ணணும், நம்ம கரையிலயே இறங்குனவரு. வக்கம் அப்துல் காதர். பினாங்குல உளவு வேலைக்குப் பயிற்சி எடுத்து, நீர்மூழ்கிக் கப்பல்ல வந்து 1942 செப்டம்பர்ல மலபார்ல தானூர் கடற்கரையில கூட்டாளிகளோட இறங்குனாரு. உடனே பிடிபட்டாங்க. மெட்ராஸ் ஜெயில்ல 1943 செப்டம்பர் 10ஆம் தேதி தூக்கு. கூடவே ஆனந்தன், சத்யேந்திர வர்தன், ஃபௌஜா சிங். மெட்ராஸ்ல தூக்குல போட்டதால அது தமிழ்நாட்டுக் கதையும்தான். பாலக்காட்டுல ரயில் ஏறி சென்னை போறவங்க எத்தனை பேருக்குத் தெரியும்?

வாளையார் சேகர்

வாத்தியாரே, நடந்ததுக்கு சல்யூட். அதுல எனக்கும் மறுப்பில்ல. இம்பால் விஷயத்துல என் கருத்து அப்படியேதான் இருக்கு.

களியக்காவிளை ஜோஸ்

திரும்பி வந்த பிறகு நடந்ததைச் சொல்லுதேன், அதுவும் சிப்பாய் அனுபவம்தானே.

செங்கோட்டை விசாரணை பத்தி எல்லாருக்கும் தெரியும். டெல்லி செங்கோட்டை, 1945 நவம்பர் 5, ஐ.என்.ஏ. அதிகாரிங்க ஷா நவாஸ், சாகல், தில்லான் மேல பிரிட்டிஷ்காரன் நடத்துன வழக்கு, அவங்களுக்காக பூலாபாய் தேசாய் வாதாடுனாரு, நாடே கொதிச்சதுல தண்டனையை ரத்து பண்ணி 1946 ஜனவரியில விட்டாவ. அடுத்த மாசம் பம்பாய்ல கடற்படை கலகம். அது பெரிய ஆபீசருங்க கதை. சாதாரண ஆளை வெள்ளை, சாம்பல், கறுப்புன்னு தரம் பிரிச்சு முகாம்ல போட்டு விசாரிச்சு விட்டாவ. சுதந்திரம் கிடைச்ச பிறகும் ராணுவத்துல திருப்பிச் சேக்கல.

எனக்க அப்பூப்பனைப் போல மலாயாவுல சேந்த சிவிலியனுக்கு அதுவும் இல்ல. ரங்கூன்ல கொஞ்ச காலம் ஜெயில்ல வச்சிருந்து கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாவ. ஊருக்கு வந்தப்போ எங்க ஊரு திருவிதாங்கூர், 1956 நவம்பர் 1ல இருந்து மெட்ராஸ் ராஜ்யம். 1972ல மத்திய அரசு தியாகி பென்ஷன் கொண்டு வந்தப்போ ஆறு மாசம் ஜெயில்ல இருந்ததுக்குச் சான்று வேணும், இல்ல கூட இருந்த ஆளு எழுதிக் குடுக்கணும்னாவ. கூட இருந்தவன் ஒருத்தன் மலேசியாவுல, ஒருத்தன் சிவகங்கையில, ஒருத்தன் செத்துட்டான். ஒரு ஆபீஸ்ல போனா உங்க பழைய ரிக்கார்டு எல்லாம் அந்தப் பக்கம் இருக்கும்பாவ, அந்தப் பக்கம் போனா நீங்க இப்ப இந்த ராஜ்யம் இல்லையேம்பாவ. கடைசி வரைக்கும் கிடைக்கல. எனக்குப் பணம் போனதுல வருத்தமில்ல. அவரு பொய் சொல்லுதாருன்னு ஒரு குமாஸ்தா முகத்துக்கு நேரா சொன்னதை அவரு சாகற வரைக்கும் மறக்கல.

குமுளி ஏலக்காய்

ஜோஸ் அண்ணே படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல. இப்பவாவது அவரு பேரைத் தேட ஏதாவது வழி இருக்கா? பென்ஷனுக்கு இல்ல, சும்மா குடும்பத்துக்காக.

செங்கோட்டை முருகு

இருக்கு தம்பி. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துல ஐ.என்.ஏ. கோப்பு நிறைய இருக்கு, நேதாஜி கோப்புகளை 2016 ஜனவரி 23ல இருந்து இணையத்துலயும் வெளியிட்டாவ. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துல ஜப்பான் ஆட்சிக் காலத்துல வாழ்ந்தவங்களைப் பேட்டி எடுத்து வாய்மொழி வரலாறா வச்சிருக்காவ, தமிழ்ல பேசுனவங்க குரலும் உண்டு. உங்க அப்பூப்பன் பேரு இல்லைன்னாலும் அவரோட ரெஜிமென்ட்ல இருந்த ஒருத்தர் பேசியிருக்கலாம், ஜோஸ்.

மூணார் மலர்

ரயிலுக்குப் போனவங்களுக்கு அதுவும் இல்ல. தோட்டத்துச் சம்பளப் பேரேடு எங்கயாவது தப்பிச்சு இருந்தா அதுல மட்டும்தான் பேரு இருக்கும். நான் எங்க பாட்டி சொன்ன எஸ்டேட் பேரை வச்சு மலேசியாவுல இருக்கற சொந்தக்காரங்க மூலமா விசாரிச்சிட்டிருக்கேன்.

கொழிஞ்சை வாத்தியார்

அப்ப ஒண்ணு செய்யலாமுங்க. ஐ.என்.ஏ.வுல சேந்தவங்க, சயாமுக்குப் போனவங்க, ரெண்டு பேரையும் பிரிக்காம இதே இழைக்குக் கீழ ஒரு பட்டியல் ஆரம்பிக்கறேன். பேரு வேணும்னு கட்டாயமில்ல, குடும்பத்துக்குச் சம்மதம்னா மட்டும் போடுங்க. ஊரு, போன வருஷம் (தோராயமா இருந்தாலும் சரி, 1938ல இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்பறதை நிறுத்துச்சு, அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரிஞ்சா போதும்), எஸ்டேட் பேரு, கூட்டிட்டுப் போன கங்காணி எந்த ஊருக்காரரு, எந்தப் படை அல்லது எந்த முகாம், திரும்புனாரா இல்லையா. வீட்டுல வயசானவங்க இருந்தா போன்ல பேச்சைப் பதிவு பண்ணி வச்சுக்குங்க, பழைய கடுதாசி, கப்பல் டிக்கெட், போட்டோ இருந்தா ரெண்டு பக்கமும் படம் எடுங்க, பின்பக்கம் ஸ்டூடியோ பேரும் ஊரும் இருக்கும். ஜோஸ் தம்பி, உங்க தாத்தாவோட எஸ்டேட் பேரு ஞாபகம் இருந்தா முதல் வரியா அதையே போட்டுடலாம்.

களியக்காவிளை ஜோஸ்

அம்மைகிட்ட கேட்டுட்டு ராத்திரி போடுதேன் வாத்தியாரே. ஒரு போட்டோவும் இருக்கு, ஸ்கேன் பண்ணித் தாரேன்.